வயிற்று ரத்தக் குழாயில் 4.1 செ.மீ. வீக்கம்... 'இப்போ ஆபரேஷன் வேண்டாம்'னு டாக்டர் சொல்வது ஏன்?

எங்கள் ஊர் களம்பூர். ஆரணிக்குப் பக்கத்தில், ரயில் நிலையத்துக்கு மட்டும் 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்திருக்கும் ஊர். அங்கே 40 வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்த என் பெரியப்பாவுக்கு இப்போது 68 வயது. சாப்பிட்டதும் வயிறு வலிக்கிறது என்று, பித்தப்பையில் கல் இருக்கிறதா பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் வேறு ஒன்று இருந்தது. வயிற்று மகாதமனியில் 4.1 செ.மீ. அளவுக்கு வீக்கம்.

அன்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் தூங்கவே இல்லை.

"வெடிச்சா 10 பேர்ல 8 பேர் செத்துடுவாங்களாம், கூகுள்ல போட்டிருக்கு" என்றார் பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் அண்ணன். "தறியை வித்தாவது ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் அத்தை. "ரஜினிக்கு உடனே ஸ்டென்ட் வெச்சாங்களே?" என்று கேட்டார் சித்தப்பா.

வேலூரில் நாங்கள் பார்த்த ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னதோ இவ்வளவுதான்: "இப்போ ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுங்க. பீடியை இன்னைக்கே விடுங்க."

திரும்பி வரும் ரயிலில் பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏம்பா, நம்மகிட்ட காசு இருக்காதுன்னு நெனச்சு அனுப்பிட்டாரா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு நிமிடத்தில் படிக்க:

• வயிற்று மகாதமனி வீக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

• ஆண்களுக்கு 5.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால், உடனே ஆபரேஷன் செய்வதால் ஆயுள் கூடுவதில்லை. பெரிய ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன.

• அதற்காக விட்டுவிடவும் கூடாது. குறித்த இடைவெளியில் ஸ்கேன், புகையை நிறுத்துவது, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு மூன்றும் கட்டாயம்.

• திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, முதுகு வலி, மயக்கம் வந்தால் உடனே 108.

முதல்ல, இது என்ன?

இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய ரத்தக் குழாய்க்கு அயோர்ட்டா என்று பெயர். தமிழில் மகாதமனி. நெஞ்சு வழியாகக் கீழே இறங்கி, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டியே ஓடி, தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. கிட்டத்தட்ட நம் கட்டைவிரல் தடிமன்.

இந்தக் குழாயின் சுவர் ஒரு இடத்தில் பலவீனமானால், உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் அந்த இடத்தை வெளியே தள்ளும். தேய்ந்துபோன டயர் வழியாக சைக்கிள் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அதே மாதிரி. அகலம் 3 செ.மீ.யைத் தாண்டினால் அதை 'அனியூரிசம்' என்கிறார்கள்.

டியூப் புடைக்கப் புடைக்க அந்த இடத்தின் மீது இழுவை கூடும். இழுவை கூடினால் இன்னும் புடைக்கும். சின்ன வீக்கம் பொதுவாக வருஷத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வளரும். சிலருக்குப் பல வருஷம் அப்படியே நிற்கும். புகைப்பவர்களுக்கு வேகமாக வளரும்.

வெடித்தால் நிலைமை மோசம்தான். அண்ணன் கூகுளில் பார்த்த கணக்கு தவறில்லை. வெடித்தவர்களில் 10க்கு 8 பேர் வரை ஆஸ்பத்திரி போவதற்குள்ளோ, போன பிறகோ இறந்துவிடுகிறார்கள். ஆனால் அவர் பார்க்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: வெடிக்கிற வாய்ப்பு எவ்வளவு?

வெடிக்கிற வாய்ப்பு எவ்வளவு?

பதில் முழுக்க அளவைப் பொறுத்தது.

5.5 செ.மீ.க்குக் கீழ் இருந்து, ஒழுங்காக ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு சுமார் 1 சதவீதம். 100 பேரில் 99 பேருக்கு அந்த வருஷம் எதுவும் ஆகாது.

5.5 தாண்டியதும் படம் மாறுகிறது. அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில், ஆபரேஷனுக்கு உடல் தாங்காதவர்கள், ஆபரேஷனே வேண்டாம் என்றவர்கள் என 198 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002ல் ஒரு ஆய்வு வெளியானது. 5.5 முதல் 5.9 செ.மீ. வரை இருந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் வெடித்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது 9.4 சதவீதம். 7 செ.மீ.யும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 32.5 சதவீதம்.

அதாவது 4 செ.மீ.யும் 7 செ.மீ.யும் ஒரே நோயின் பெயர்தான். ஆனால் ஒரே ஆபத்து இல்லை. ரிப்போர்ட்டில் 'அனியூரிசம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பயப்படுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

5.5 என்ற எண் எங்கிருந்து வந்தது?

"வெடிக்கிற வாய்ப்பு 1 சதவீதம்தான் என்றாலும், அந்த ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருந்தா? இப்பவே ஆபரேஷன் பண்ணிட்டா நிம்மதி இல்லையா?" என் அத்தையின் கேள்வி இது. டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் இதே கேள்வி இருந்தது.

அதற்காக பிரிட்டனில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். 4.0 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கம் இருந்த, 60 முதல் 76 வயது வரையிலான 1,090 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பாதிக்கு ஸ்கேன் மட்டும், 5.5 தாண்டினால் ஆபரேஷன். முடிவு 1998ல் 'லான்செட்' இதழில் வந்தது. இரண்டு குழுவிலும் உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏன்? வெடிப்பதைத் தடுக்கச் செய்த ஆபரேஷனிலேயே ஆபத்து இருந்தது. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 5.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். வருஷத்துக்கு 1 சதவீத ஆபத்தைத் தவிர்க்க, ஒரே மாதத்தில் 5.8 சதவீத ஆபத்தை வாங்கிக்கொண்ட கணக்கு.

"அது ஆஸ்பத்திரி சரியில்லாததால இருக்கும்" என்று தோன்றலாம். அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1,136 பேரிடம் இதே மாதிரி ஆய்வு நடந்தது. அங்கே ஆபரேஷன் மரணம் 2.7 சதவீதம்தான். 2002ல் வந்த முடிவு? அப்போதும் உடனடி ஆபரேஷனால் ஆயுள் கூடவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிரிட்டன் ஆய்வில் காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பின்னாளில் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆகவே 'இப்போ வேண்டாம்' என்றால் 'எப்போதும் வேண்டாம்' என்று அர்த்தம் இல்லை. தேவைப்படும் நாள் வரை அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான்.

பெண்களுக்கு மட்டும் இந்தக் கோடு கொஞ்சம் கீழே இருக்கிறது. இந்த நோய் பெண்களுக்கு வருவது குறைவு. ஆனால் வந்தால் சின்ன அளவிலேயே வெடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் 5 செ.மீ.யிலேயே ஆபரேஷன் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அளவு எதுவாக இருந்தாலும் வலி இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ காத்திருக்க மாட்டார்கள்.

ரஜினிக்கு மட்டும் ஏன் உடனே?

2024 செப்டம்பர் 30ல் நடிகர் ரஜினிகாந்த் சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்ந்தார். இதயத்திலிருந்து வெளியே வரும் முக்கிய ரத்தக் குழாயான அயோர்ட்டாவில் வீக்கம் இருந்ததாகவும், அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கம் முழுமையாக அடைக்கப்பட்டதாகவும் மருத்துவமனை அறிக்கை வெளியிட்டது. சில நாட்களில் அவர் வீடு திரும்பினார். அந்த வாரம்தான் 'அயோர்ட்டா' என்ற வார்த்தை தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதை வைத்து இன்னொருவருக்கு முடிவு செய்ய முடியாது. வீக்கம் மகாதமனியின் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த வடிவத்தில், வலியோடா வலி இல்லாமலா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். வீங்கிய பகுதியைத் திறந்து, அந்த இடத்தில் செயற்கைத் துணிக் குழாயை வைத்துத் தைத்துவிடுவார்கள். பெரிய ஆபரேஷன். பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, இடுப்புக்குக் கீழே தொடை ரத்தக் குழாய் வழியாக, மடித்து வைத்த ஸ்டென்ட் குழாயை உள்ளே அனுப்பி, வீக்கம் இருக்கும் இடத்தில் விரிப்பது. ரத்தம் அந்தப் புதுக் குழாய்க்குள் ஓடும், வீங்கிய சுவர் மேல் அழுத்தம் விழாது. வயிற்றில் இந்த முறையை 1990ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி என்ற டாக்டர் முதலில் செய்துகாட்டினார்.

'அப்போ இதுதானே பெஸ்ட்?' என்று கேட்டால், பதில் 'முதல் சில வருஷத்துக்கு' என்பதுதான். பிரிட்டனில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் முறையில் 1.7 சதவீதம், திறந்த ஆபரேஷனில் 4.7 சதவீதம். ஸ்டென்ட் தெளிவாக முன்னிலை. ஆனால் அதே நோயாளிகளை 15 வருஷம் வரை தொடர்ந்து பார்த்து 2016ல் முடிவு வெளியானபோது, 8 வருஷத்துக்குப் பிறகு திறந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். ஸ்டென்ட்டின் ஓரத்தில் ரத்தம் கசிந்து, பழைய வீக்கம் மறுபடி பெரிதாகி, சிலருக்குப் பின்னாளில் வெடித்தும் இருக்கிறது.

அதனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'வெச்சாச்சு, முடிஞ்சுது' என்று ஃபைலை மூடிவைக்க முடியாது. வயது, இதயம், நுரையீரல் நிலைமை, தொடர்ந்து ஸ்கேனுக்கு வர முடியுமா என்பதையெல்லாம் பார்த்து எந்த வழி என்று முடிவு செய்வார்கள்.

நடுவில் ஒரு பட்டு நூல் கதை

இதைப் படிக்கும்போது ஆரணிப் பக்கத்து ஆளான எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது. செயற்கை ரத்தக் குழாய் என்ற யோசனையே ஒரு பட்டு நூலிலிருந்துதான் வந்திருக்கிறது.

1947ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் ஆர்தர் வூர்ஹீஸ். பரிசோதனைக்காக ஆபரேஷன் செய்யப்பட்ட ஒரு நாயின் இதய அறைக்குள் பட்டுத் தையல் நூல் ஒன்று தங்கிவிட்டது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த நூலின் மேல் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்தது. ரத்தம் அதில் உறையவில்லை. 'ஒரு நூலை உடம்பு இப்படி ஏற்றுக்கொள்ளும் என்றால், அப்படிப்பட்ட நூலால் நெய்த துணியைக் குழாயாக்கினால்?' என்று அவர் யோசித்தார். பிறகு செயற்கை இழைத் துணிகளை முயன்றார்கள். 1950களில் ஹூஸ்டனைச் சேர்ந்த மைக்கேல் டிபேக்கி, 'டேக்ரான்' என்ற பாலியஸ்டர் துணியை வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். இன்றும் இந்த ஆபரேஷனில் வைக்கப்படும் பல குழாய்கள் பாலியஸ்டர்தான். பாவும் ஊடையும் போட்டு நெய்ததுதான்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமைக்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் ஒரு உதாரணம். 1948ல் அவருடைய வயிற்று மகாதமனி வீக்கத்தைச் சுற்றி, டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் செலோஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். அன்றைக்குச் செய்ய முடிந்தது அதுதான். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது, ஐன்ஸ்டீன் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 18ல் காலமானார்.

யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

• புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள். மாற்றக்கூடிய காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான். சிகரெட், பீடி இரண்டும் ஒன்றுதான்.

• 65 வயதைத் தாண்டிய ஆண்கள்.

• அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தவர்கள்.

• உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஏற்கெனவே இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள்.

ஒரு விநோதம்: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் வருவதும் வளர்வதும் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது சர்க்கரையாலா, அதற்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைய நிலையில் வீக்கத்தின் வளர்ச்சியை நிறுத்தும் என்று நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை. 'வீக்கம் கரைய மருந்து' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அப்போ எல்லாரும் ஸ்கேன் எடுக்கணுமா?

பிரிட்டனில் 65 முதல் 74 வயது வரையிலான சுமார் 67,800 ஆண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேரை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். நான்கு வருஷத்தில் இந்த வீக்கத்தால் இறந்தவர்கள், அழைக்கப்படாத குழுவில் 113. அழைக்கப்பட்ட குழுவில் 65. அதன் பிறகு இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அழைக்கும் திட்டம் வந்தது. அமெரிக்காவில் 65 முதல் 75 வயது வரையிலான, எப்போதாவது புகைத்த ஆண்களுக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது பரிந்துரை.

இந்தியாவில் இப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை. தெற்காசிய ஆண்களுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது என்று பிரிட்டனில் லெஸ்டர்ஷயர் பகுதியில் நடந்த ஸ்கேன் திட்டத்தின் தரவுகள் காட்டின. அதனால் எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ 65 தாண்டியவர், பல வருஷம் பீடி, சிகரெட் புகைத்தவர், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தது என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "வயித்து ஸ்கேன்ல அயோர்ட்டா சைஸையும் பார்த்து எழுதச் சொல்லலாமா?" ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பத்து நிமிட வேலை.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யணும்?

தேதி மறக்கக் கூடாது: இங்கிலாந்தின் திட்டத்தில் 3.0 முதல் 4.4 செ.மீ. வரை வருஷத்துக்கு ஒருமுறை, 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியை போன் காலண்டரில் போட்டுவையுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். போன முறை எவ்வளவு என்று தெரிந்தால்தான் வளர்ந்ததா என்று தெரியும்.

புகையை நிறுத்துங்கள்: குறைத்தால் போதாது. தேசிய உதவி எண் 1800-11-2356.

ரத்த அழுத்தம்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். ஒருநாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கவனம்: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் மகாதமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. வேறு வழியில்லாத நிலை தவிர, வீக்கம் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு அயோர்ட்டா வீக்கம் இருக்கு' என்று முதலில் சொல்லுங்கள்.

காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதில் வரும் என்று இப்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டு வையுங்கள். அவசரத்தில் கேட்க நேரம் இருக்காது.

அவசர அறிகுறி: திடீரென்று கடுமையான வயிற்று வலி, முதுகு வலி அல்லது விலா வலி. கூடவே வியர்வை, மயக்கம். வயதானவர்களுக்கு இது சிறுநீரகக் கல் வலி மாதிரியே தெரியும், டாக்டர்களே சில சமயம் ஏமாறுவார்கள். 108ஐ அழைத்து, வீக்கம் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில்

இல்லை பெரியப்பா, காசு இல்லாதவர் என்று நினைத்து டாக்டர் உங்களை அனுப்பவில்லை. கோடி ரூபாய் வைத்திருப்பவர் 4.1 செ.மீ.யோடு போயிருந்தாலும் அதே பதில்தான் சொல்லியிருக்க வேண்டும். 2,000க்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நாடுகளில் தங்கள் உடம்பைக் கொடுத்துக் கண்டுபிடித்த பதில் அது.

தறியை விற்கவில்லை. கூடப் பிறந்தவருக்கு இருப்பதால் என் அப்பாவும் ஸ்கேன் எடுத்தார். 1.9 செ.மீ., நார்மல். பெரியப்பாவின் அடுத்த ஸ்கேன் தேதி இப்போது எங்கள் ஐந்து பேரின் போனில் இருக்கிறது. பீடியை முழுசா விட்டுட்டேன் என்கிறார் அவர். பெரியம்மா மட்டும் இன்னும் தலையாட்டவில்லை.